அத்தியாயம் 7: ஸ்கேனருக்குத் தெரியாத பழுது

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஸ்கேன் போட்டாச்சுண்ணா, ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு. மாத்திட்டா லைட்டு அணைஞ்சிடும்." சென்சாரை மாற்றுவார்கள். லைட்டும் அணையும். நாலு நாள் கழித்து, புது சென்சார் மாட்டிய அதே வண்டியில் அதே லைட்டு மறுபடி எரியும். வண்டிக்காரருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம். மெக்கானிக்குக்குப் பேர் நஷ்டம். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை மெக்கானிக் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்ல இந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. இன்றைய காரை ஸ்கேனர் இல்லாமல் தொட முடியாது. ஸ்கேன் முடிந்ததுமே வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம்தான் ஆபத்து. ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணான கோடு வந்த இடத்திலிருந்து பழுது இருக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது, அதிலும் கடல் காற்றில் ஓடும் வடசென்னை வண்டிகளில் எதை முதலில் சந்தேகப்படுவது என்பதை இங்கே பார்க்கலாம்.

கோடு எதைச் சொல்கிறது

வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி என்ற ஏற்பாடு மெக்கானிக்கின் வசதிக்காக வந்ததல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தப் போட்ட விதிகளிலிருந்து வந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட்டும் பொதுவான கோடுகளும் கட்டாயமாயின. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில், 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6, 2023 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம். ஒவ்வொரு படியிலும் கண்காணிப்பு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கண்காணிக்கப்படுவது மட்டும் மாறவில்லை, புகைதான். செக் இன்ஜின் லைட்டின் முதல் வேலை புகை அளவு கூடாமல் பார்த்துக்கொள்வது. புகையைக் கூட்டாத பழுது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த லைட்டு எரிய வேண்டிய அவசியமில்லை.

இப்போது பி0171 கோடை எடுத்துக்கொள்வோம். "கலவை மெலிந்திருக்கிறது, முதல் பேங்க்" என்று ஸ்கேனர் காட்டும். அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் எப்படித் தெரிந்துகொண்டது? சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சொன்னது. ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தது. தனக்கு வகுத்த எல்லைவரை கூட்டியும் சரியாகாததால் கோடைப் பதிவு செய்து லைட்டைப் போட்டது. இவ்வளவுதான் நடந்தது. இன்டேக் ஹோஸ் வெடித்திருக்கலாம், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுக்கலாம், பெட்ரோல் பம்ப்பில் பிரஷர் குறைந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், காற்றளவு சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழையலாம். ஆக்சிஜன் சென்சாரே கெட்டிருப்பது இந்தப் பட்டியலின் கடைசியில் வர வேண்டிய சந்தேகம். பிரச்சினையைப் புகார் செய்த சென்சாரைக் கழற்றி எறிவதுதான் நம் ஒர்க்‌ஷாப்புகளில் தினமும் நடக்கிறது.

இத்தனை சந்தேகங்களில் எது உண்மை என்று பிரித்துக் காட்டவும் அதே ஸ்கேனரில் வழியிருக்கிறது. கோடு பக்கத்தை மூடிவிட்டு லைவ் டேட்டாவைத் திறங்கள். ஃபியூல் டிரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று. ஈசிஎம் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை இவை காட்டும். கூட்டலிலோ கழித்தலிலோ 10க்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஐட்லிங்கில் கூட்டல் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 5க்கு இறங்கினால், எங்கோ வாக்யூம் லீக். ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம் என்பதால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, வேகம் கூடியதும் அது கரைந்துபோகிறது. இதற்கு நேர்மாறாக ரேஸ் பண்ணப் பண்ண டிரிம் ஏறினால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள், பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். காற்றை அளக்கும் சென்சாருக்குப் பதில் மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சார் வைத்த சின்னக் கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. அவற்றில் வாக்யூம் லீக் இருந்தாலும் இந்தக் கோடு பெரும்பாலும் வராது. ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். கோடு வராததால் லீக் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு ஈசிஎம் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் விட வேண்டியிருக்கிறது. எத்தனாலுக்கென்று அமைக்காத பழைய வண்டியில் டிரிம் சில புள்ளிகள் ஏறியே நிற்கும். அது தனியாக லைட்டைக் கொண்டுவராது. ஏற்கெனவே இன்ஜெக்டர் லேசாக அடைத்து, எல்லை ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அது எல்லை தாண்ட வைக்கலாம். நல்ல சென்சாருக்குப் பழி விழும் இன்னோர் இடம் இது.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். கோடு விழுந்த நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். "முதல்ல அழிச்சுப் பார்ப்போம், திரும்ப வருதான்னு" என்று சொல்பவர் பழுதுக்கான சாட்சியைத் தன் கையாலேயே அழிக்கிறார்.

உப்புக் காற்றும் எர்த் ஒயரும்

இந்த வட்டாரத்து வண்டிகளைப் பற்றி இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க இடமுண்டு என்றால் அது எர்த்தாக இருக்கட்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இரவெல்லாம் நிற்கும் வண்டிகள் ஏராளம். உப்பு கலந்த ஈரம் பானெட்டுக்குள் இறங்குகிறது. நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் அதன்மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. மீன் ஏற்றும் வேன்களின் பாடு இன்னும் மோசம். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தரை இடுக்கு வழியாகக் கீழே ஓடும் ஒயர் கட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைக் களிம்பு. எர்த் போல்ட்டின் அடியில் துரு.

இதெல்லாம் ஸ்கேனர் திரையில் எப்படித் தெரியும்? களிம்பு என்றோ துரு என்றோ தெரியாது. சென்சார் கெட்டதாகத்தான் தெரியும். பல நேரம் எதுவுமே தெரியாது.

கூலன்ட் சூடு சென்சாரைப் பாருங்கள். அது ஒரு ரெசிஸ்டன்ஸ்தான். குளிரில் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூட்டில் குறையும். ஈசிஎம் 5 வோல்ட் கொடுத்து, திரும்பக் கிடைக்கும் வோல்டேஜை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. கப்ளர் பின்னில் களிம்பு பிடித்தால் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ரெசிஸ்டன்ஸ் முளைக்கிறது. இன்ஜின் 90 டிகிரியில் இருக்கும், ஈசிஎம் 60 என்று நினைத்துக்கொண்டு குளிர் இன்ஜினுக்கு விடுவதுபோல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், பிளக் கருக்கும். 60 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்தான் என்பதால் மின் இணைப்பில் கோளாறு என்ற கோடு விழாது. வயர் முழுதாக அறுந்தால்தான் அந்தக் கோடு. மிஞ்சிப் போனால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லும் பி0128 வரும், நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வைக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்ட் சூடு, இன்டேக் காற்றுச் சூடு இரண்டும் வெளிச் சூட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளியே 29 டிகிரி இருக்கும்போது ஒன்று 30, இன்னொன்று 18 என்று காட்டினால் 18 காட்டும் சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். சென்சாரை வாங்க ஆள் அனுப்புவது அதற்கப்புறம்.

எர்த்தைச் சோதிப்பதில் பலரும் செய்யும் தவறு, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பது. எர்த் ஒயரில் நூற்றுக்கணக்கான செப்பு இழைகள். எல்லாம் அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஓம் கணக்கில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சிறியது. ஸ்டார்ட்டரோ ரேடியேட்டர் ஃபேனோ இழுக்கும் கரண்ட்டை அந்த ஒரு இழை தாங்காது. ஆகவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். வோல்டேஜ் டிராப் என்று இதைச் சொல்வார்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் களிம்பும் அளவில் சேர வேண்டும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். மீட்டர் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்ல எர்த். பிறகு ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்த நொடியில் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரோ அதன் போல்ட்டோ கெட்டிருக்கிறது. இதே சோதனையை இன்ஜினுக்குப் பதில் பாடியிலும், பிறகு ஈசிஎம்முக்குப் போகும் எர்த் ஒயரிலும் செய்யுங்கள். ஈசிஎம் எர்த்தில் கால் வோல்ட் ஏறியிருந்தாலே சென்சார் கணக்குகள் குழம்பும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் ஒரே நேரத்தில் விழுந்தால், மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று நம்பாதீர்கள். பேட்டரி, சார்ஜிங், எர்த் மூன்றையும் முதலில் பாருங்கள். நிறுத்திவைத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது.

கெட்ட எர்த்தைச் சரிசெய்ய போல்ட்டைக் கழற்றி, லக்கையும் பாடியையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எமரி தாளால் தேயுங்கள். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலினோ கிரீஸோ தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை. கடலோர வண்டிக்கு இதை வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செய்துவிடுவது நல்லது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வடசென்னையில் தெருவுக்குத் தெரு கார்கள் தண்ணீரில் நின்றன. மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை போனது. எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளேயே எண்ணெய்ப் படலம் படிந்தது. அப்படி நின்ற வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துகொண்டும் இருக்கின்றன.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு முதல் நாள் ஸ்கேனர் போடுவதால் ஒரு பயனும் இல்லை, போடவும் கூடாது. சாவியை ஆன் செய்தாலே ஈரத்தில் இருக்கும் மாட்யூல்களுக்குள் கரண்ட் பாயும். உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும்போது பின்கள் அரிக்கும் வேகம் பல மடங்காகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதுதான் முதல் வேலை. ஸ்டார்ட்டரை அடிக்கவே அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளையோ, டீசலில் குளோ பிளக்குகளையோ கழற்றிவிட்டுக் கையால் இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ராடு லேசாக வளைந்த இன்ஜின் ஓடவும் செய்யும். ஸ்கேனரில் ஒரு கோடும் இருக்காது. கம்ப்ரஷன் கேஜ் மாட்டினால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டும். அந்த இன்ஜின் ஒருநாள் நெடுஞ்சாலையில் ராடு உடைந்து நிற்கும்.

உலர்த்தி எடுத்த பிறகு ஸ்கேன் செய்தால் "நோ ஃபால்ட்" என்று வருவதைக் காட்டி வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். பிரச்சினை இரண்டு மாதம் கழித்துத் தொடங்கும். ஒயரின் இன்சுலேஷனுக்குள் இழைகளுக்கு நடுவே ஏறிய தண்ணீர் சீக்கிரம் காயாது. மேலேறியபடியே உள்ளுக்குள் அரிக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல், சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்கள் ஆகிய இடங்களில்தான் முதலில் வெளிப்படும். ஒருநாள் பவர் விண்டோ இறங்காது, மறுநாள் ஏபிஎஸ் லைட்டு, அதற்கடுத்த நாள் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. ஸ்கேனரில் யு0100 மாதிரி "தொடர்பு இல்லை" கோடுகள் கொத்தாக விழும். ஈசிஎம் போய்விட்டது என்று பெரிய தொகை சொல்லப்படுவது இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசுவது கேன் என்ற இரண்டு ஒயர் வழியாக. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6ஆவது, 14ஆவது பின்களுக்கு நடுவே ஓமில் அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது அளவு மாறுகிறதோ அங்கே பழுது. சில புது வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் வயரிங்குக்கும் நடுவே கேட்வே இருப்பதால் இந்த அளவு பொருந்தாது. அவற்றில் வயரிங் படம் பார்த்து உள்ளே போய்த்தான் அளக்க வேண்டும்.

மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் கப்ளர்களில் மட்டும் எக்காரணம் கொண்டும் மீட்டரை வைக்காதீர்கள். மீட்டரின் சிறு கரண்ட்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். ஆரஞ்சு நிற ஒயர் இருக்கும் ஹைபிரிட், மின்சார வண்டிகளில் அதற்கென்று பயிற்சி பெறாதவர் கை வைக்க வேண்டாம்.

சென்சாரே இல்லாத இடங்கள்

மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பி0303 காட்டினால், கம்ப்யூட்டர் கவனித்தது கிராங்க் சுழற்சியில் அந்த சிலிண்டரின் முறை வரும்போது வேகம் லேசாகத் தட்டுப்படுவதை மட்டும்தான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அதற்குத் தெரியாது. மூன்றின் காயிலை ஒன்றுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0301 ஆனால் காயில் கெட்டது. ஆகாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள். இரண்டிலும் நகராத மிஸ்ஸிங்குக்குக் கம்ப்ரஷன் பாருங்கள். காயில் ஒன்று வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிட இது சீக்கிரம் முடிகிற வேலை.

கிளட்ச் தேய்மானம், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் ஆட்டம், எக்ஸாஸ்ட் அடைப்பினால் பிக்கப் இல்லாமை ஆகியவற்றுக்கெல்லாம் பெரும்பாலான வண்டிகளில் சென்சாரே கிடையாது. அசோக் மோட்டார்ஸ் 1949இல் எண்ணூரிலும், என்ஃபீல்டு 1956இல் திருவொற்றியூரிலும் வண்டி கட்டத் தொடங்கிய வட்டாரம் இது. சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்லும் பழைய கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. ஸ்கேனர் பிடித்த இளைஞர்கள் அவர்களோடு ஒரு டெஸ்ட் டிரைவ் போய்வருவது எந்தக் கோர்ஸுக்கும் குறைந்த பயிற்சி இல்லை.

கன்டெய்னர் வரிசையில் டீசல் வண்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே பிழைக்கும் டீசல் கார்களுக்கு டிபிஎஃப் அடைப்பு சகஜம். கரியைப் பிடித்து வைக்கும் அந்த ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். நின்று நின்று ஓடும் வண்டியில் அது பாதியிலேயே நின்றுபோகும். ஸ்கேனரில் ஃபோர்ஸ்டு ரீஜெனரேஷன் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் லைட்டு அணையும், சில வாரங்களில் மறுபடி வரும்.

பொத்தானை அழுத்துவதற்கு முன் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களின் டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அதோடு ஓட்டினால் டர்போவும் பேரிங்கும் போகும். முதலில் ஆயில் மாற்றுங்கள், அதுவும் டிபிஎஃப் வண்டிக்கென்று சொல்லப்பட்ட சாம்பல் குறைந்த ஆயிலாக. ஈஜிஆர் வால்வு, இன்ஜெக்டர், டர்போ ஹோஸ் மூன்றையும் சரிபாருங்கள். கரி அளவுக்கு மீறி வருவது பெரும்பாலும் அவற்றால்தான். எல்லாம் நன்றாக இருந்தால், வாரம் ஒருமுறை மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டும்படி வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். ரீஜெனரேஷன் செய்யும்போது சைலன்சர் வாய் நெருப்பாய்க் கொதிக்கும். மூடிய ஷெட்டிலோ, காய்ந்த புல், எண்ணெய்த் துணி கிடக்கும் இடத்திலோ செய்யக் கூடாது.

எந்த ஸ்கேனர்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் டாங்கிள் இன்ஜின் கோடுகளையும் லைவ் டேட்டாவையும் காட்டும். வண்டி வைத்திருப்பவருக்கு அது போதும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி மாட்யூல்களைப் படிக்கப் பல பிராண்டுக்குப் பொதுவான தொழில்முறை ஸ்கேனர் வேண்டும். மாட்யூல் மாற்றிப் புரோகிராம் செய்ய, சாவி பதிய கம்பெனியின் சொந்தச் சாதனமே வேண்டும். இதற்குத்தான் வெளி ஒர்க்‌ஷாப்புகள் அல்லாடுகின்றன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைச் சாதனங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதும் அதற்குக் காரணம். அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யவும் ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. தெருவோர ஒர்க்‌ஷாப்புக்குச் சாதனம் கைக்கு எட்டும் விலையில் வந்துசேராதவரை இந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர் அந்தச் சின்ன டாங்கிளைக் கையோடு எடுத்துப் போகலாம். கோடு இல்லை என்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், வண்டி தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர் பக்கத்தையும் திறங்கள். பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

பில்லில் எழுத வேண்டியது

சென்சார் மாற்றியே பழுது பார்க்கும் பழக்கத்துக்கு அறியாமை மட்டும் காரணமில்லை. ஒரு மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்து ஓர் எர்த் போல்ட்டைத் தேய்த்து வண்டியைச் சரிசெய்தால், "ஒரு போல்ட்டைத்தானேப்பா டைட் பண்ணே" என்று நூறு ரூபாயை நீட்டுகிறார்கள். மூவாயிரம் ரூபாய் சென்சாரை மாற்றினால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்கள். தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லாத ஊரில் பார்ட்ஸ் விற்றுத்தான் மெக்கானிக் பிழைக்க முடியும்.

ஆகவே மெக்கானிக்குகள் சோதனைக் கூலியை முன்கூட்டியே சொல்லி, பில்லில் தனி வரியாகப் போடுங்கள். அளந்த அளவுகளையும் அதே பில்லில் எழுதுங்கள்: எர்த் டிராப் முன்பு 0.7, பின்பு 0.05, மூன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷன் இவ்வளவு, டிரிம் இவ்வளவு. வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பார்ட்ஸ் மாற்றச் சம்மதிப்பதற்கு முன், எதை அளந்து பார்த்தீர்கள், எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். பதிலுக்கு ஓர் எண் கிடைத்தால் வேலையைக் கொடுங்கள், சோதனைக்கு உரிய கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். கோடு மட்டும் கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.